எல்லோரையும் பெயர் சொல்லி அழைப்பேன்

செயின்ட் பால்
ஏப்ரல், சனிக்கிழமை

என் தங்கைக்கு,

நலம்தான் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அடுத்த பருவத்து இணையவழிப் பாடத்துக்குக் கல்லூரியில் ஓர் அறிக்கை கேட்டிருக்கிறார்கள். எந்த இனம், மதம், மொழியானாலும் என் வகுப்பில் எல்லோருக்கும் இடமுண்டு என்று நான் உறுதி சொல்ல வேண்டும். துறைத்தலைவி மார்லிஸ் சிரித்தாள். "உங்களுக்கு என்னங்க கஷ்டம்? அகதிகளா வந்த மோங் இனத்துப் பிள்ளைங்க, சோமாலி பிள்ளைங்கன்னு அத்தனை பேரையும் ஒரே வாரத்துல பேர் சொல்லிக் கூப்பிடுவீங்க. அதையே எழுதிக் குடுங்க."

எழுதினேன். 'உங்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைப்பேன்.' அதற்குப் பிறகு கை ஓடவில்லை.

நேரடி வகுப்பை விட்டதற்கு முழங்கால் வலி என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா? திரையில் ஒவ்வொரு முகத்துக்கும் கீழே பெயர் இருக்கும். அதற்காகத்தான் மாறினேன். நேற்று ஏதோ கோளாறில் அந்தப் பெயர்கள் மறைந்துவிட்டன. மூன்று மாதமாக என்னிடம் படிக்கும் பெண் கை தூக்கினாள். "நீ... நீ சொல்லும்மா" என்றேன்.

"பா ஹுவா, டீச்சர்" என்றாள் மெதுவாக. "என் பேரைச் சரியா சொல்ற ஒரே ஆளு நீங்கதானே!"

அம்மாவுக்குத் தொடங்கியது எந்த வயதில்? தெரிந்தாலும் எனக்குச் சொல்லாதே.

மேலே வெறும் 'தங்கைக்கு' என்று இருப்பதைப் பார்த்துக் கோபிக்காதே. உன் பெயருக்காகக் காலையிலிருந்து பேனாவோடு காத்திருந்தேன். உறைமேல் இருப்பது, நீ அனுப்பிய கிறிஸ்துமஸ் அட்டையைப் பார்த்து எழுதியது.

உன் அக்கா