தைக்காமல் விட்ட ஓரம்

சித்தப்பா,

கட்டிலுக்கு அடியிலிருந்து இயந்திர எண்ணெய் மணக்கிறது. கட்டிடத்தின் அடியில் சாமான் போடும் கெல்லரில் இருந்தவரை அது தனியாகத் தெரியவில்லை. அங்கே உருளைக்கிழங்கும் ஈரச் சுவரும் சைக்கிள் சக்கரமும் சேர்ந்தே மணக்கும். இன்று பின்னேரம் நாங்கள் தைத்த போர்வையை மேலே கொண்டுவந்து ஒளித்தபிறகுதான் தெரிந்தது, அது உங்கள் விரல்களில் இருந்த மணம். கூடத்தில் அப்பா தொலைபேசி அட்டையின் இலக்கங்களை அழுத்தி, லண்டன், கனடா என்று ஒவ்வொருவராக அழைக்கிறார். நான் நித்திரை என்று நினைத்திருப்பார். கைத்தொலைபேசியின் சின்ன வெளிச்சத்தில், போர்த்துக்கொண்டு எழுதுகிறேன்.

நல்ல போர்வை ஒன்றைப் பழைய பொருள் சந்தையில் வாங்கி வந்து, அன்றைக்கே பிளேடால் பிரித்தீர்களே, ஞாபகமா?

"ஐயோ சித்தப்பா, என்ன செய்யிறீங்கள்!"

"பொறு பிள்ளை. இதுக்குள்ள மூண்டு கிடக்குது. மேல துண்டு துண்டா ஒட்டின துணி, நடுவில பஞ்சு, கீழ ஒரு சீலை. மூண்டும் வழுக்காமல் எப்பிடி நிக்குது? பிரிச்சுப் பாத்தால்தானே தெரியும்."

உணவகத்தில் கோப்பை கழுவும் உங்களுக்கு இது எதற்கென்று ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள் வானொலியையும் அப்படித்தான் பிரித்தீர்கள், அம்மாவின் மிக்ஸியையும் அப்படித்தான். அடுத்த கிழமை, யாரோ தெருவோரம் கழித்து வைத்திருந்த தையல் இயந்திரத்தை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தீர்கள். "தங்கச்சியோ தம்பியோ, வாற ஆளுக்கு நாங்கள் ஒண்டு தைப்பம்" என்று என் காதில் சொன்னீர்கள்.

என் வகுப்புத் தோழி வீட்டிலும் அப்போது ஒரு குழந்தை பிறக்க இருந்தது. அவர்கள் அறைக்கு மஞ்சள் வர்ணம் அடித்து, தொட்டில், கரடிப் பொம்மை எல்லாம் வாங்கி வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் அம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டா: "பிறக்க முதல் குழந்தைக்கெண்டு ஒரு துண்டுத் துணியும் இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது."

அவ சமைக்கக் குசினிக்குள் போகும்வரை பார்த்திருந்து, "வீட்டுக்குள்ளதானே? கெல்லர் வீடோ?" என்று கண்ணடித்தீர்கள்.

முதல் தையல் மேலே நேராக இருந்தது. திருப்பிப் பார்த்தால் கீழ்த்துணி சுருங்கி, மடிந்து கிடந்தது. எனக்கு அழுகை வந்தது. நீங்களோ சந்தோசமாகிவிட்டீர்கள். விளக்கைக் கிட்டப் பிடித்து, இயந்திரத்தின் சில்லைக் கையால் மெல்லச் சுற்றி, ஊசிக்குக் கீழே குனிந்து பார்த்தீர்கள். "இஞ்ச பார். அடியில இருக்கிற பல்லு கீழ்த்துணியை இழுக்குது. மேல்துணியை இழுக்க ஒருத்தருமில்லை. ஒண்டு ஓட, மற்றது நிக்குது." அதன்பிறகு மூன்று அடுக்கையும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சேப்டி பின்னாகக் குத்தினோம். நடுவில் தொடங்கி வெளியே போனோம். சுருக்கம் ஓரத்துக்கு ஓடி, பிறகு இல்லாமலே போனது. ஏன் நடுவில் தொடங்க வேண்டும் என்று எந்தக் கடைக்காரியும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாலு தரம் பிரித்துக் கண்டுபிடித்தோம்.

நான் உங்களையே தைத்ததும் அங்கேதான். போர்வையின் பாரத்தைத் தாங்கிக்கொண்டு பக்கத்தில் நின்றீர்கள். நீங்கள் கட்டியிருந்த சாரத்தின் நுனி ஊசிக்கு அடியில் போனது இரண்டு பேருக்கும் தெரியாது. அந்த நேரம் பார்த்து இரண்டாம் மாடிக் கிழவர் உருளைக்கிழங்கு எடுக்க வந்தார். போர்வையோடும் இயந்திரத்தோடும் ஒட்டிக்கொண்டு, அசையாமல், "குட்டன் ஆபெண்ட்" என்று ஜெர்மனில் மாலை வணக்கம் சொன்னீர்கள். அவர் போனபிறகு, "எடி, என்னைக் குழந்தைக்குச் சீதனமாக் குடுக்கப்போறியோ?" என்று சிரித்துச் சிரித்து இருமினீர்கள்.

மூன்று பக்கம் ஓரப்பட்டி அடித்து முடித்த அன்று திடீரென்று இயந்திரத்தை மூடினீர்கள்.

"ஏன் சித்தப்பா? ஒரு பக்கம்தானே கிடக்கு."

"அடிநூல் முடிஞ்சுது. பிறகு பாப்பம்."

பிறகு பார்க்க நீங்கள் இருக்கவில்லை. வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தீர்களாம். அவ்வளவுதான் எனக்குச் சொன்னார்கள். செத்தவீட்டில் பெரியம்மா யாருக்கோ சொன்னா: "ஒரு உயிர் வாற வீட்டில ஒரு உயிர் போயிட்டுதே. என்ன பிழை விட்டுதுகளோ." என் கையில் இருந்த தேத்தண்ணி ஊற்றுப்பட்டது. என்ன பிழை என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். கெல்லரில் மடித்து வைத்திருந்தது. உங்களைக் கொண்டுபோனது அதுதான் என்றால், அடுத்தது யார்? அம்மாவா? அந்தக் குழந்தையா? ஒருவரிடமும் கேட்க ஏலவில்லை. கேட்கக்கூடிய ஆள் நீங்கள்தானே.

இன்று விடியப்புறம் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மத்தியானம் வரை ஒரு சேதியும் இல்லை. நான் தையல் பிரிக்கும் கத்தியோடு கீழே இறங்கினேன். எல்லாவற்றையும் பிரித்துவிட்டால், நாங்கள் ஒன்றும் தைக்கவில்லை என்று ஆகிவிடும் அல்லவா? நூலின் நுனியைத் தேடினேன். மூன்று பக்கமும் இறுகி இருந்தது. நாலாவது பக்கம் திறந்தே கிடந்தது. அதற்கான பட்டியை அளவாக வெட்டி, மடித்து, அந்த ஓரத்திலேயே சேப்டி பின் குத்தி வைத்திருந்தீர்கள். எனக்கு அது புதினமாக இருந்தது. உங்களைப்போலக் குனிந்து இயந்திரத்தின் அடிமூடியைத் திறந்தேன்.

அடிநூல் சுற்றும் பொபின் நிறைய நூல் இருந்தது.

நூல் முடியவில்லை, சித்தப்பா. கெல்லர் வீடில்லை என்று சிரித்த நீங்கள், உள்ளுக்குள் பயந்திருக்கிறீர்கள். பிறக்க முதல் முடிக்கக்கூடாது என்று ஒரு பக்கத்தைத் திறந்து விட்டிருக்கிறீர்கள். என்னைப் பயப்படுத்தாமல் நூலின்மேல் பழி போட்டிருக்கிறீர்கள். இவ்வளவு கவனமாக இருந்த ஆளை அந்தப் போர்வை ஏன் கொண்டுபோக வேண்டும்? கேட்டுப் பார்த்தேன். கத்தியை மூடி, சட்டைப்பைக்குள் வைத்துவிட்டேன்.

பின்னேரம் அப்பா வந்தார். இப்போதும் கூடத்தில் அதையேதான் சொல்கிறார்: "ஓம் அண்ணை, பொம்பிளைப் பிள்ளை. ரெண்டு பேரும் சுகம். ஓம்... அவன் இருந்திருந்தால் ஆஸ்பத்திரியையே பிரிச்சுப் பாத்திருப்பான்." சிரிக்கத் தொடங்கி, நடுவில் நிற்பாட்டிவிட்டார்.

நாளை ஞாயிறு, இங்கே ஒருவரும் சத்தம் போடக்கூடாத நாள். இயந்திரச் சத்தம் கேட்டால் இரண்டாம் மாடிக் கிழவர் இறங்கி வருவார். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தால் வந்ததும் அந்த நாலாவது பக்கத்தைத் தைப்பேன். அம்மா வந்ததும் நானே அவ கையில் கொடுப்பேன். ஏசுவா. பயமாகத்தான் இருக்கிறது. தையல் கோணும். கோணினால் பிரித்துப் பார்ப்பேன், சித்தப்பா. பொபினில் நீங்கள் சுற்றிய நூல் அதற்குப் போதும்.