எலுமிச்சம்பழத்தை மட்டும் குனிந்து பார்த்தார்கள்

வியாழன், இரவு

போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கோபமா பயமா என்று எனக்கே தெரியவில்லை.

ராஜபாளையத்தில் பெரியப்பாவின் பழைய பைக்கை அப்பா இன்று வாங்கினார். ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. முன்சக்கரத்துக்கு மேலே மட்டும் புதுப் பெயிண்ட் பளபளத்தது. “எங்கயாச்சும் விழுந்துச்சா பெரியப்பா?” என்று கேட்டேன்.

“ஏட்டி, நீ எப்ப மெக்கானிக் ஆன?” என்றார் பெரியப்பா. எல்லோரும் சிரித்தார்கள். அப்பா முறைத்தார். “அண்ணன் வண்டியச் சோதிச்சா அண்ணனையே சந்தேகப்பட்ட மாதிரில்லா? வாய மூடு.”

பெரியம்மா டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். அது நன்றாக நசுங்கியதா என்று அத்தனை பேரும் குனிந்து பார்த்தார்கள். குனிந்ததுதான் குனிந்தார்கள், ஒருவராவது பிரேக்கைப் பார்த்திருக்கக் கூடாதா?

ஸ்ரீவில்லிபுத்தூர் வரும் வழியெல்லாம் வண்டி இடப்பக்கமாகவே இழுத்தது. பஸ் ஸ்டாண்ட் அருகே அப்பா பிரேக் பிடித்தும் நிற்கவில்லை. ஒரு ஆட்டோவில் மோத இருந்தோம். “கைக்குப் புது வண்டி, பழகணும்ல,” என்றார்.

நாளை விடியுமுன் இதில்தான் அப்பா பிளவக்கல் தோப்பு வேலைக்குப் போவார். இருட்டில், தனியாக. பெரியப்பா மனசு நோகக் கூடாதாம். அப்பா விழுந்தால் பரவாயில்லையா?

சாவி என் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. காலையில் வீடே தேடும். கண்டுபிடித்தால் அடி விழும். விழட்டும். மெக்கானிக் வந்து பார்க்கும்வரை சொல்லமாட்டேன். வாயை மூடச் சொன்னது அப்பாதானே.