இரவல் கொடுத்த டார்சி

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? டாஸ்மேனியாவில் மழை விட்டதா? இந்தக் கோதுமைக்காட்டு ஊரில் நான் சௌக்கியம், குளிர்தான் கொஞ்சம் அதிகம்.

புதன்கிழமை எங்கள் பள்ளிக்கும் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கும் ஃபுட்டி கால்பந்து மேட்ச். பதினெட்டுப் பேர் வேண்டிய இடத்தில் அவர்கள் பதினேழு பேர்தான் வந்தார்கள். ஆள் குறைந்தால் எதிரணிக்கு இரவல் கொடுப்பதுதானே வழக்கம்? கோச் நான்தான். ரொம்ப சாமர்த்தியமாக, எங்களில் மெதுவாக ஓடும் டார்சியைக் கொடுத்தேன். கடைசி நிமிடத்தில் அவன் அடித்த கோலில்தான் நாங்கள் தோற்றோம்! நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது.

ஆட்டம் முடிந்ததும் டார்சி இரண்டு அணிகளின் அறைகளுக்கும் நடுவே வந்து நின்றான். "மிஸ், நான் எந்த ரூமுக்குப் போகணும்?"

ஜெயித்த அணி தன் அறையில் கூடி அணிப் பாட்டைப் பாடும் நேரம் அது. எங்கள் கேப்டன் தலையை நீட்டி, "டேய் துரோகி, இங்க வந்தா உதைதான். அங்க போய்ப் பாடுடா!" என்று சிரித்தான். ஜெயித்த பையன்கள் டார்சியை உள்ளே இழுத்தார்கள்.

"உங்க பாட்டு எனக்குத் தெரியாதுடா!"

"சும்மா வாயை அசைடா, போதும்!"

தோளில் கைபோட்டு வட்டமாக நின்று அவர்கள் பாடி முடிக்கும்வரை, நான் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் கம்பளித் தொப்பி அலமாரியில் இருக்கும், அனுப்பிவையுங்கள். மணி அடித்துவிட்டது, எட்டாம் வகுப்புக்கு ஓடுகிறேன்.

உங்கள் கெரின்

பி.கு.: நம் ஊர் ஃபுட்டி கிளப்பின் பாட்டைத் தனியாகப் பாடிப் பார்த்தேன் அப்பா. இரண்டு வரிக்குமேல் வரவில்லை. மிச்சத்தை எழுதி அனுப்புங்கள்.