அப்பா பேரில் மூன்று துண்டு எலும்பு

ஆரியசாலை,
திருவனந்தபுரம்.
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் திவ்யலட்சுமிக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம், என் முழங்கால் மட்டும் மழை பெய்தால் என் பேச்சைக் கேட்பதில்லை. அங்கே நீ சுகந்தானா, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போகிறாயா, சோறு பொங்குகிறாயா இல்லை ரொட்டியிலேயே நாளை ஓட்டுகிறாயா. செவ்வாய்க்கிழமை போனில் நீ அழுததில் பாதி எனக்குப் புரியவில்லை மக்ளே. புரிந்த பாதியை வைத்துக்கொண்டு இங்கே என்னவெல்லாம் நடந்தது என்று எழுதுகிறேன், போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து மறுபடி அழுவாய். எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், வரிசை மாறி வந்தால் மேலே போட்டிருக்கும் எண்ணைப் பார்த்துப் படி.

பல் டாக்டர் சீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீ கல்லும் எலும்பும் படிக்கப் போன நாளிலிருந்து அப்பா உன்னிடம் பேசியதில்லை, ஆறு வருஷம் ஆயிற்று. ஆனால் நீ தோண்டியெடுத்த மூன்று துண்டு எலும்புக்கு அப்பா பெயரை வைத்திருக்கிறாய் என்றும், அங்கே உள்ளவர்கள் வாயில் குற்றாலலிங்கம் நுழையாமல் குட்டி குட்டி என்று கூப்பிடுகிறார்கள் என்றும் போன ஆவணியில் சொன்னாயே, அதை நான் கடைக்குப் போய் அவரிடம் சொன்னபோது வற்றல் மூட்டை மேல் உட்கார்ந்திருந்த மனுஷன் எழுந்து நின்றுவிட்டார். இது உங்களுக்குள் கூப்பிடுகிற பெயர்தான், இன்ன மிருகம் என்று உறுதியானால்தான் முறைப்படி பெயர் வைப்பார்கள் என்று நீ சொன்னதையும் சொன்னேன், அந்தப் பாதி அவர் காதில் ஏறவில்லை. மகள் அர்ஜென்டினாவில் என்றால் பந்து விளையாடவா என்று கேட்டுக்கொண்டிருந்த கடைத்தெரு முழுக்க, உலகத்திலேயே பெரிய டைனோசருக்கு என் பேரு என்று சொல்லி வைத்தார். பெரிய என்று நீ எப்போது சொன்னாய்? சரி, அதை அவளிடமே பேசுங்களேன் என்றால் மட்டும் கடையில் சரக்கு இறங்குகிறது என்று போய்விடுவார்.

இது வியாபாரிகள் சங்கச் செயலாளர் சுவாமிதாஸ் வரைக்கும் போய், சங்கத்து ஆண்டு விழாவில் அப்பாவுக்குப் பொன்னாடை என்று முடிவாகி, கடை வாசலில் ஒரு ஃபிளெக்ஸும் வைத்துவிட்டார்கள். இந்தப் பக்கம் பட்டு வேட்டியில் அப்பா, அந்தப் பக்கம் வாயைப் பிளந்துகொண்டு ஒரு டைனோசர், நடுவில் குற்றாலோசரஸ் என்று கொட்டை எழுத்து. புதன்கிழமை புளி வாங்க வந்த எலிசாள் டீச்சர், பக்கத்து முடுக்கில் இருக்கிறாளே, விலங்கியல் சொல்லிக்கொடுத்து ரிட்டையர் ஆனவள், அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, அண்ணாச்சி, மொத்தம் எத்தன எலும்பு கிடைச்சிது என்று கேட்டிருக்கிறாள். மூணு துண்டு என்றிருக்கிறார் அப்பா. மூணு துண்ட வச்சி இந்தப் பல்லும் மூஞ்சியும் எங்கெ இருந்து வந்துது என்றாளாம். அப்பா புளியை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, அந்த டீச்சருக்குப் பொறாமை என்று என்னிடம் சத்தம் போட்டார். நீ போனில் அழுததில் எனக்கு முந்தின நாளே விஷயம் தெரியும், ஆனால் அவரிடம் சொல்லவில்லை.

நேற்று சாயங்காலம் விழா. மேடையில் ஏற்றிவிட்டு அப்புறம் சொன்னால் பாவம் என்று மத்தியானம் அவியலைப் பரிமாறிக்கொண்டே சொல்லிவிட்டேன். மூன்றும் ஒரே மிருகம் இல்லையாம், ஒன்று முதலையாக இருக்கலாமாம், ஒன்று எலும்பே இல்லை, கல்லாகிப்போன மரமாம், மூன்றாவது டைனோசர்தானாம், ஆனால் எந்த டைனோசர் என்று சொல்ல அந்தத் துண்டு போதாதாம் என்றேன். பிசைந்த சோற்றில் கையை வைத்தபடி, இத யாரு கண்டுபிடிச்சா என்று கேட்டார். உங்க மகதான், மறுபடியும் ஸ்கேன் எடுத்துப் பாத்து அவளே எல்லாருக்கும் எழுதிப் போட்டுட்டா என்றேன். கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். மீதி அவியலை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன், உன்னிடம் பேசாத ஆறு வருஷம் இனிப் பன்னிரண்டாகும் என்று எண்ணிக்கொண்டு.

ஐந்து மணிக்கு ஆட்டோ பிடித்து விழாவுக்குப் போனேன். சுவாமிதாஸ் டைனோசர் அண்ணாச்சி என்று கூப்பிட்டதும் அப்பா மேடையேறி, போர்த்த வந்த கையை விலக்கி மைக்கைப் பிடித்துக்கொண்டார். ஒரே சரக்குன்னு வந்த மூணு மூட்டய எம் மக பிரிச்சிப் பாத்தா, மூணும் வேற வேற. கட்டி அப்படியே வச்சிருந்தா யாருக்கும் தெரியாது, கேட்டியளா. அவளே பிரிச்சி, அவளே வெளிய சொல்லிட்டா, நம்மள்ல எத்தன பேரு அப்படிச் சொல்லுவோம் என்றார். கூட்டத்தில் பாதி வியாபாரிகள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் கை தட்டினது எலிசாள் டீச்சர். சுவாமிதாஸ் பொன்னாடையும் கையுமாக, அப்போ அண்ணாச்சி, நீங்க முதலையா மரமா என்று கேட்க, அப்பா, அத அவ சொல்லணும், அவளுக்கே தெரியலன்னா தெரியலதான், அதுக்கென்ன இப்போ என்று சொல்லிவிட்டு, பொன்னாடையைத் தானே வாங்கி மடித்து என் மடியில் வைத்தார், மகளுக்காம். இன்று காலையில் ஆளைக் கூப்பிட்டு ஃபிளெக்ஸில் அந்தப் பெயருக்குக் கீழே ‘இன்னும் உறுதியாகவில்லை’ என்று எழுத வைத்திருக்கிறார். இப்போதுதான் கூட்டம் நின்று நின்று படிக்கிறது.

ஆகையால் அழாதே மக்ளே. தப்பு என்று நீ சொன்னதற்காக இங்கே யாரும் குறைத்துப் பேசவில்லை. அந்த மரத்துண்டுக்கு வேண்டுமானால் என் பெயரை வைத்துக்கொள், முதலைக்கு வேண்டாம், உன் அத்தைமார் சிரிப்பார்கள். தலைக்கு எண்ணெய் வை, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ தொட்டது துலங்கட்டும், நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இரு, நாகராஜா உன் கூடவே இருப்பார்.

ஒன்று முக்கியம். அப்பா உன் நம்பரைத் தன் போனில் போட்டுத் தரச் சொன்னார், போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இங்கே சாயங்காலம் ஆறு மணிக்கு, அங்கே உனக்குக் காலை ஒன்பதரைக்கு, கூப்பிடுவார். முதலில் கொஞ்ச நேரம் இருமிக்கொண்டே இருப்பார், பேச்சு வராது. லைன் சரியில்லை என்று நினைத்து வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
வடிவாம்பாள்