நீ முன்னால் வர, நான் பின்னால் போக

மச்சான்,

காலையிலிருந்து கூடம் முழுக்கத் தைல வாசனை. இரண்டு கால்களிலும் தேய்த்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பள்ளி ஆண்டு விழாவுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு நேற்று ஒரே சினிமாப் பாட்டைத் திரும்பத் திரும்ப ஆடிக் காட்டியதன் பலன் இது. "ஒவ்வொரு டான்ஸுக்கும் வலிக்கிற எடம் வேற மச்சான்" என்று நீ பெரிய கண்டுபிடிப்பு போலச் சொல்வாய். பரதம் என்றால் தொடை. கதக் என்றால் குதிகால். பிரேக் டான்ஸ் என்றால் தோள்பட்டையும், விழுந்து எழுந்த மற்ற எல்லா இடமும். இந்த சினிமா டான்ஸுக்கு எந்த இடம் என்று சொல்லாமலே போய்விட்டாய். எனக்கு உடம்பு பூராவும் வலிக்கிறது.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. கிழக்குத் தாம்பரத்தில் மளிகைக்கடைக்கு மேலே நாம் இரண்டு பேரும் சேர்ந்து பிடித்த இந்த மாடியில் இப்போது நான் மட்டும்தான் ஆடிக்கொண்டிருக்கிறேன். வாசலில் 'எல்லா வகை நடனமும் கற்றுத் தரப்படும்' என்று நீ எழுதி மாட்டிய பலகை அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ஆட்கள் மேலே ஏறி வந்து, ஓட்டலில் கேட்பது மாதிரி "என்னென்ன இருக்கு சார்?" என்கிறார்கள். உனக்கு அந்தக் கேள்வி அல்வா சாப்பிடுவது மாதிரி. எனக்கு அலுப்பாக இருக்கிறது. மாடியைக் காலி செய்துவிடலாமா என்று கீழே கடைக்காரரிடம் பேச்சுவாக்கில் சொல்லியும்விட்டேன். "அவசரமில்ல சார், யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

நேற்று பிள்ளைகள் போனபிறகு ஒருவன் வந்தான். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். செருப்பை வெளியே விட்டுவிட்டு, கதவருகிலேயே நின்று கேட்டான்.

"சார், வால்ட்ஸ் சொல்லித் தருவீங்களா?"

ஆணும் பெண்ணும் ஜோடியாகக் கைகோத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றி வருகிற அந்த ஆட்டத்தைக் கேட்டு நம் மாடிக்கு யாரும் வந்து எவ்வளவோ நாளாயிற்று. எதற்கு என்று விசாரித்தேன். பையன் கோவிலம்பாக்கம். விவசாயக் குடும்பம், நிலமெல்லாம் வீட்டுமனையான பிறகு அப்பா சிமெண்ட் கடை வைத்திருக்கிறாராம். கிண்டியில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் பல்லாவரத்து ஆங்கிலோ-இந்தியப் பெண்ணைக் காதலித்து, இரண்டு வீட்டிலும் சண்டை போட்டு, சம்மதமும் வாங்கிவிட்டான். அடுத்த மாதம் கல்யாணம்.

"ரிசப்ஷன்ல மொதல்ல நாங்க ரெண்டு பேரும் மட்டும் ஆடணுமாம் சார். நாங்க ஆடி முடிக்கிற வரைக்கும் வேற யாரும் ஆட மாட்டாங்களாம். அவங்க வழக்கம். அவளோட மாமாங்க எல்லாம் சுத்தி நிப்பாங்க. ஒருத்தருக்குக்கூட என்னப் புடிக்கல சார். நான் தடுக்கி விழுந்தா அவதான் அவங்க வாயில விழணும்."

"அந்தப் பொண்ணே சொல்லித் தரலாமே?"

"கேட்டேன் சார். அவளுக்குப் பொண்ணுங்க ஸ்டெப்புதான் தெரியுமாம்."

எனக்கும் அதுதான் தெரியும் என்று அவனிடம் எப்படிச் சொல்ல? நாளைக்குச் சாயங்காலம் வா என்று அனுப்பிவிட்டேன். அதாவது இன்றைக்கு. இவனிடமும் தெரியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் அந்தப் பலகையைக் கழற்றிவிட்டு மாடியைக் காலி செய்துவிட வேண்டியதுதான். எல்லா வகை நடனமும் தெரிந்தவன் நீதானே. நான் உன்கூட வந்தவன்.

நான் எங்கே வரேன் என்றேன்? இராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பி, தாம்பரம் ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போவாய். "பட்டணத்துல எல்லாம் கீது மச்சான். நாம போய்ப் பாக்கலன்னா யாருக்கு நஷ்டம்?" என்பாய். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்று நான் சொல்வதற்குள் மின்ரயில் கிளம்பியிருக்கும்.

சைதாப்பேட்டையில் ஒரு மொட்டை மாடியில் பையன்கள் குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையை விரித்துப் போட்டு, அதில் முதுகால் சுழன்றுகொண்டிருந்தார்கள். நீ ஒரே மாதத்தில் சுழன்றாய். நான் ஒரே மாதத்தில் சட்டையைக் கிழித்துக்கொண்டேன். அப்புறம் மாம்பலம். அங்கே பரதம் சொல்லித் தந்தவர் நம் இருவரையும் அரைமண்டியில் உட்கார வைத்துவிட்டு, தட்டுக்கழியால் தாளம் போட்டுக்கொண்டே காப்பி குடித்தார், செய்தித்தாள் படித்தார், வந்தவர்களோடு பேசினார். நாம் மட்டும் எழுந்திருக்கவில்லை. படி இறங்கும்போது ஆளுக்கு ஒரு பக்கம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கிழவர்கள் மாதிரி இறங்கினோம். எழும்பூரில் கதக் சொல்லித் தந்த சேட்டு வீட்டில் சுற்றிச் சுற்றித் தலை கிறுகிறுத்து நான் வாந்தியெடுத்தேன். அவர்கள் எனக்கு மோர் கொடுத்தார்கள், உனக்கு இனிப்புக் கொடுத்தார்கள்.

எங்கேயோ குச்சிப்புடியைப் பார்த்துவிட்டு வந்து, பித்தளைத் தட்டின் விளிம்பில் நின்று ஆடுவேன் என்று உன் வீட்டுப் பூசைத் தாம்பாளத்தில் ஏறி நின்றாயே. உன் அம்மா கொல்லைப்புறத்திலிருந்து ஓடிவந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது.

"இன்னாடா இது, தாம்பாளத்த இப்டி நசுக்கி வெச்சிகீற? தேங்காயப் பழத்த எதுல வெப்பேன், உன் தலையிலயா?"

"பேஜார் பண்ணாதம்மா. டான்ஸு."

"டான்ஸு ஆடுற மூஞ்சியப் பாரு. இவன் கெட்டது பத்தாதுன்னு அந்தப் புள்ளயயும் இட்டுகினு சுத்துறான்."

அந்தப் புள்ள நான்தான். என் பக்கம் பேசிய ஒரே ஆள் உன் அம்மா.

எதையும் நீ முழுசாகக் கற்றுக்கொள்ளவில்லை என்று எனக்கு அப்போது கடுப்பு. ஒன்றில் கால் பழகி வலி போகும்போது அடுத்ததற்கு இழுப்பாய். ஒரு தடவை ரயிலில் கேட்டும்விட்டேன், ஒன்றையாவது உருப்படியாகப் பிடித்துக்கொள்ளக்கூடாதா என்று. நீ ஜன்னல் கம்பியில் தாளம் போட்டபடி, "ஊருக்குள்ள இத்தினி பேரு இத்தினி விதமா ஆடிகினு கீறான். நான் ஒண்ணையே புடிச்சிகினு கெடந்தா மத்தவன்லாம் கோச்சிக்க மாட்டானா?" என்றாய். உன்னோடு பேசி ஜெயித்ததாக எனக்கு நினைவில்லை.

கடைசியில் பல்லாவரம். ரயில்வேயில் வேலை பார்த்த ஓர் ஆங்கிலோ-இந்திய அண்ணன், ஞாயிறு மதியங்களில் வீட்டு முன்னறையில் நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு வால்ட்ஸ் சொல்லித் தருகிறார் என்று எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டாய். முதல் நாள் அவர் இசைத்தட்டைப் போட்டதும் நாம் இருவரும் என்ன செய்தோம், ஞாபகம் இருக்கிறதா? மாம்பலத்தில் பழகிய பழக்கத்தில் சட்டென்று குனிந்து, தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். பூமியை மிதிக்கப் போகிறோம், பொறுத்துக்கொள் என்று கேட்காமல் நமக்குக் கால் எழும்பாது.

"என்ன மேன் தேடுறீங்க? ஏதாவது விழுந்துடுச்சா?" என்று அந்த அண்ணனும் நம்மோடு குனிந்து, நாற்காலிக்கு அடியிலெல்லாம் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரிக்கவில்லை. "நல்ல பழக்கம் மேன். ஆனா இங்க மிதிக்கக் கூடாது, வழுக்கணும்" என்றார்.

ஆடப் பெண்கள் இல்லை. யார் வீட்டுப் பெண்ணை நம்மோடு அனுப்புவார்கள்? அண்ணன் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். "நீ ஹைட்டு, நீ ஜென்ட்ஸ். நீ ஷார்ட்டு, நீ லேடி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். உன் வலது கையை என் முதுகில் தோள்பட்டைக்குக் கீழே வைத்தார். நீ இடது காலை முன்னால் வைத்தாய். நான் வலது காலைப் பின்னால் எடுத்தேன். அன்றைக்குப் பின்னால் போக ஆரம்பித்தவன்தான்.

அதில்தான் நீ நின்றாய் என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம். மற்றதெல்லாம் மாதக்கணக்கு. பல்லாவரம் மட்டும் வருஷக்கணக்கு. இந்த மாடியைப் பிடித்த பிறகும் ஜோடி ஆட்டம் கேட்டு யார் வந்தாலும் நாம் இருவரும்தான் ஆடிக் காட்டுவோம். மீசை வைத்த இரண்டு ஆட்கள் கட்டிக்கொண்டு சுற்றுவதைப் பார்த்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "நீயும் ஆம்பள ஸ்டெப்பு கத்துக்கோடா, நாளைக்கு நான் இல்லன்னா இன்னா பண்ணுவ?" என்று ஒரு நாள் சொன்னாய். "ஏன், எங்க போகப்போற?" என்றேன். வண்டலூர் போய்ப் புலியைப் பார்க்கப் போகிறேன் என்றாய். இருவரும் சிரித்தோம்.

மஞ்சள் காமாலை முற்றி நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்துக் கட்டிலில் இருந்த பாலக்காட்டுக்காரர் கதகளியைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறார். நான் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்ததும், "கண்ணுக்கே தனியா பயிற்சி கீதாம் மச்சான். அடையாறுல சொல்லித் தராங்களாம். வெளிய வந்ததும் போய்ப் பாக்கணும்" என்றாய். கண் இரண்டும் மஞ்சளாக இருந்தது. சரி, முதலில் கஞ்சியைக் குடி என்றேன். எனக்கு அப்போதே களைப்பாக இருந்தது. இன்னும் ஒரு ரயில், இன்னும் ஒரு வலி என்றுதான் தோன்றியது. அந்த ரயிலில் ஏற எனக்கு இப்போது எவ்வளவு ஆசையாக இருக்கிறது என்று உனக்குத் தெரியாது.

இதுவரை காலையில் எழுதியது. இப்போது சாயங்காலம். அந்தப் பையன் வந்துவிட்டுப் போய்விட்டான்.

பாலிஷ் போட்ட ஷூவோடு வந்தான். முதலில் நீ செய்ததை அப்படியே செய்து காட்டப் பார்த்தேன். அவன் முதுகில் கை வைத்து, இடது காலை முன்னால் எடுத்து வைக்க நினைத்தேன். கால் கேட்கவில்லை. வலது கால் தானாகப் பின்னால் போனது. அவனும் நான் முன்பே சொல்லிவைத்தபடி பின்னால் போனான். வேட்டியை மடிக்க இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுப்பது மாதிரி எதிரெதிரே நின்றோம். அவன் சிரித்தான். மறுபடியும் செய்தோம், மறுபடியும் அதேதான். மூன்றாவது முறை அவன் சிரிக்கவில்லை. மாமன்கள் சுற்றி நிற்பது அவன் கண்ணில் தெரிந்துவிட்டது.

"வேற யாராவது இருந்தா சொல்லுங்க சார், நான் வேணா..." என்று இழுத்தான்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது மச்சான். உனக்குத் தெரியாததா, எப்போதாவதுதான் வரும், வந்தால் அடங்காது.

"நான் பொண்ணு. நீ ஆம்பளை. கையை வை" என்றேன்.

அவன் சுடுகிற தோசைக்கல்லைத் தொடுவது போலத் தொட்டான். அங்கே இல்லை, கொஞ்சம் கீழே என்றேன். அப்புறம் நின்றுபோன ஸ்கூட்டரைத் தள்ளுவது போலத் தள்ளினான். தள்ளாதே, வெறுமனே வை என்றேன். பிறகு நானே எதிர்பார்க்காமல் அவனுக்கு ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன். எனக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும், அதை உன் கைதான் எனக்குச் சொல்ல வேண்டும். திரும்பப் போகிறாய் என்றால் அதற்கு ஓர் அடி முன்பே விரல் நுனி மட்டும் இறுகட்டும். சுவர் வந்துவிட்டால் உள்ளங்கை முழுக்கப் படியட்டும். நான் தப்பு செய்தால் கையை எடுத்துவிடாதே, இன்னும் கொஞ்சம் லேசாக வைத்துக்கொள், நானே சரியாகிவிடுவேன். இதையெல்லாம் நீ ஒரு நாளும் என்னிடம் வாயால் சொன்னதில்லை மச்சான். யாரிடமும் நானும் சொன்னதில்லை. இத்தனையும் என் முதுகில் இருந்திருக்கிறது.

ஒரு மணி நேரம் கழித்து அவன் என்னைக் கூடத்தைச் சுற்றி ஒரு முழு வட்டம் கொண்டுவந்தான். ஜன்னல் பக்கம் நெருங்கும்போது அவன் உள்ளங்கை சரியாகப் படிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் பயந்துபோய், "கால மிதிச்சிட்டேனா சார்?" என்றான். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டான்: "கடைசி வரைக்கும் நீங்க ஆம்பள ஸ்டெப்பு ஆடிக் காட்டவே இல்லயே சார்?"

"எனக்கு அது தெரியாதுப்பா. அத நல்லா ஆடினவனோட கை எப்படி இருக்கும்னு தெரியும். அதான் சொல்லித் தந்தேன்."

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வருகிறானாம். கீழே இறங்கிப் போய்க் கடைக்காரரிடம் மாடி இப்போதைக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் பல்லாவரத்தில் அந்த மாமன்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பெண் பின்னால் போவாள். அவள் முதுகில் ஒரு கை இருக்கும். அவள் அதைத் தன் புருஷனுடைய கை என்றுதான் நினைத்துக்கொள்வாள். நினைத்துக்கொள்ளட்டும். அது யாருடையது என்று எனக்குத் தெரியும்.