மிச்சம் வைத்த ஊசிகள்

செவ்வாய் இரவு, டெலானிபூர்

புதிய சர்க்கரை மருந்தின் ஆய்வில் சேர்ந்திருந்த மாரிமுத்து ஐயா இன்று கச்சால் தீவிலிருந்து கப்பலில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வாரம் ஒன்று போடச் சொல்லிக் கொடுத்த ஊசிகளில் பாதி அப்படியே பெட்டியில் இருந்தன.

"கப்பல் நின்னு போச்சுன்னா என்னா செய்யிறது, பாப்பா? அதான் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் போட்டேன்."

"ஊசியை ரேஷன் அரிசின்னு நினைச்சுட்டாரா?" என்று ஆய்வை நடத்தும் சென்னை டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன், சத்தமாகவே. ஐயா என் முகத்தைப் பார்த்துவிட்டு, மரியாதைக்காக அவரும் சிரித்தார். முறை தவறிப் போட்டதால் இனி அந்த மருந்து அவருக்குக் கிடையாது என்று டாக்டர் முடித்துவிட்டார்.

ஊசி போடும் முறையை ஐயாவுக்கு விளக்கி அனுப்பியவள் நான்தான். மிச்சம் பிடிக்க வேண்டாம் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. மெயின்லாண்டிலிருந்து மருந்து வரும் கப்பல் தாமதமானால் எங்கள் அம்மாவும் சர்க்கரை மாத்திரையைப் பாதியாக உடைத்துத்தான் விழுங்குகிறாள். அதை டாக்டரிடம் சொல்லியிருந்தால் ஐயாவை நிறுத்தாமல் விட்டிருப்பாரோ என்னவோ. எங்கள் வீடும் இப்படித்தான் என்று தெரிந்துவிடுமே என்று வாயைத் திறக்கவில்லை.

சற்று முன் அம்மா பாதி மாத்திரையோடு வந்து நின்றாள்.

"டாக்டரு உங்கிட்ட சிரிச்சுப் பேசுறாராம்மா?"

"பேசுறாரும்மா" என்றேன்.

அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.