அண்ணையின் சோற்றில் முதல் வாய்

1936 ஐப்பசி 10, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. கேத்திரகணிதக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். இது யார் கையில் அகப்பட்டாலும் ஒருவருக்கும் காட்ட வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்ணை இன்றும் அம்மா போட்ட சோற்றைத் தள்ளிவிட்டார். நஞ்சு கலந்திருக்கிறதாம். சுவருக்குப் பின்னால் கதைக்கிறவர்கள் சொன்னார்களாம். அங்கே வாழைதான் நிற்கிறது. மாசி வரை மற்றிக்குலேசனுக்குப் படித்தவர், எனக்கு அல்ஜிப்ரா சொல்லித் தந்தவர். இப்போது கழுத்தெலும்பு தெரிகிறது.

அம்மாவின் தமையன், எங்கள் அம்மான், குடையோடு வந்தார். "உது பேய்தான். ஞாயிற்றுக்கிழமை மந்திரவாதியிட்டைக் கூட்டிக்கொண்டு போறன். கட்டிப்போட்டு மிளகாய்ப் புகை பிடிச்சால் மூண்டு நாளிலை இறங்கும்."

மகன் தள்ளிவிட்ட சோற்றை ஐயா பார்த்தார். பிறகு, "அதுக்கிடையிலை அவன் சாப்பிடத் துவங்கினால் பாப்பம். இல்லையெண்டால் நீர் கூட்டிக்கொண்டு போம்."

ஆறு நாள்.

11, செவ்வாய்
பள்ளிக்கூடத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து டொக்டர் அம்மா வந்தார். உடற்கூற்றுப் பாடம். கண்ணாடிப் போத்தலில் மனித மூளை. பனையோலைக் கடகத்துக்குள் அடைத்த ஈரச்சீலை மாதிரி, மடிப்பு மடிப்பாக. பூமணி மூக்கைப் பொத்தினாள். "எனக்குள்ளையும் உதுதானோ?" கமலம் சொன்னாள்: "உனக்குப் போத்தல் மட்டுந்தான்."

பாடம் முடிய நான் மட்டும் நின்றேன். இல்லாத சத்தம் ஒருவருக்குக் கேட்டால் எந்த இடம் பழுது என்று கேட்டேன்.

காதுக்கு மேலே ஒரு மடிப்பைக் காட்டினார். "சத்தம் அறியிற இடம் உது. ஆனால் அந்த வருத்தக்காரரின்ரை மூளையை வெட்டிப் பாத்தாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியேல்லை. ஏதோ இருக்கெண்டுதான் நினைக்கிறன். என்னெண்டு இன்னும் தெரியாது."

"அப்ப நடிக்கினமோ?"

"இல்லை. அவைக்கு அது மெய்யாய்க் கேக்குது. இல்லையெண்டு வாதாடாதையும். பயத்தைக் குறைக்கப் பாரும். ஆருக்கு வருத்தம்?"

அயலில் ஒராளுக்கு என்று பொய் சொன்னேன். என்னைப் பார்த்தார். மேலே கேட்கவில்லை. அதற்கு நன்றி.

அம்மானுக்குத் தெரியும், பேய். பக்கத்து வீட்டு மாமிக்குத் தெரியும், படிப்புக் கூடிவிட்டது. படித்தவர் ஒருவர்தான் தெரியாது என்றார். அதைக் கேட்ட பிறகு ஏனோ மூச்சு லேசாக வருகிறது.

படுத்தபடி காதுக்கு மேலே விரலை வைத்து எனக்கும் ஏதும் கேட்கிறதா என்று பார்த்தேன். மழை. மழை மட்டும்தான்.

12, புதன்
வாதாடவில்லை. "என்ன செய்தால் நம்புவியள், அண்ணை?" என்றேன்.

"நீ முதல் தின். பாப்பம்."

அவர் சோற்றில் ஒரு பிடி தின்றேன். என் முகத்தைப் பார்த்தபடி நூறு வரை எண்ணினார். பிறகு சாப்பிட்டார். நாலு வாய்.

எச்சில் சோறு. அம்மா குழம்புக்கு உப்புக்கூட நாக்கில் வைத்துப் பார்க்காதவ. கண்டால் என்ன நடக்கும்?

13, வியாழன்
காலை: இடியப்பம் இரண்டு. மத்தியானம் (பள்ளிக்கூட இடைவேளையில் ஓடிவந்தேன்): பாதிச் சோறு, முருங்கைக்காய். இரவு: இல்லை, அம்மா அகலவே இல்லை.
முதல் வாயை விழுங்கும்போது எனக்கும் ஒரு கணம் பயம். உண்மையாய் இருந்தால்? அவருக்கு நாள் முழுதும் இப்படித்தானா?

14, வெள்ளி
அம்மா கண்டுவிட்டா. முழுகி, திருநீறு பூசி, குழம்புச் சட்டியோடு வாசலில். என் வாயில் அண்ணையின் சோறு. அம்மா திரும்பிப் போய்விட்டா. விரதமும் அதுவுமாய் இப்படிச் செய்தேனே. பின்வளவில் நின்று அழுதேன்.

மத்தியானம் அம்மாவே சோறு போட்டா. அண்ணைக்கு முன்னால் இருந்து, குழைத்து, ஒரு பிடியைத் தன் வாயில் வைத்தா.

"தம்பி, நான் முதல் தின்னுறன். பாத்துக்கொண்டிரு."

அம்மாவுக்கு இருநூறு வரை எண்ணினார். பிறகு முழுச்சோறும் சாப்பிட்டார்.

கை கழுவும்போது அம்மா எனக்கு: "இனி நீ பள்ளிக்கூடத்துக்குப் பிந்தாமல் போ. உந்த வேலையை நான் பாக்கிறன்."

அவ்வளவுதான். எத்தனை முறை கும்பிட்டாலும் காணாது.

15, சனி
சுவரோடு இன்னும் கதைக்கிறார். அது போகவில்லை. போகும் என்று டொக்டர் அம்மாவும் சொல்லவில்லை. ஆனால் மத்தியானம் அம்மாவுக்கு முப்பது வரைதான் எண்ணினார். ஐயா கதவோரம் நின்று பார்த்தார்.

இரவு அண்ணை, "வேண்டாம்" என்று படுத்துவிட்டார். நாளைக்கு அம்மான் வருவார். ஐயா என்ன சொல்வார் என்று தெரியாது. டொக்டர் அம்மாவுக்கு நன்றி, அம்மாவுக்கு நன்றி, இந்த நாலு நாளுக்கும்

கதவு தட்டுகிறார்கள். ஐயாவோ? விளக்கு வெளிச்சம் தெரிந்திருக்கும்.

"பிள்ளை, படுத்திட்டியோ?"

அண்ணை. பசிக்குதாம். சோறு கிடக்கோ எண்டு